மீன் அளக்கிற திட்டத்துக்கு எங்கட சங்கம் சேரலாமா? அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்க

கல்லாத்துத் தோணி:

எல்லாருக்கும் வணக்கம். நான் பெரியகல்லாத்துப் பக்கம், வாவியில தோணித் தொழில், கடல் நல்லா இருக்கிற காலத்தில மச்சான்ட பைபர் போட்டில கடலுக்கும் போறது. விசயம் என்னெண்டா எங்கட சங்கத்துக்கு கெம்பஸ் (பல்கலைக்கழக) ஆக்கள் கொஞ்சப் பேரும் கொழும்பில இருந்து ஒரு ஆராய்ச்சிக்காரரும் வந்து கூட்டம் வச்சாங்க. அவங்க கேக்கிறது, சங்கத்தில இருந்து ஒரு பத்துப் பேர் தாங்க பிடிக்கிற மீன தாங்களே அளந்து எழுதித் தரணும், எந்த இடத்தில பிடிச்ச, என்ன வலை, எவ்வளவு நேரம், மீன் எத்தின சென்டிமீற்றர், இறால் எண்டா அதுக்கு வேற ஒரு அளவு, இப்பிடி ஒரு வருசத்துக்கு. அளக்கிற பலகையும் கொப்பியும் தருவாங்களாம், போன் ஆப் ஒண்டும் இருக்காம், அதில தமிழ் இருக்கா எண்டு கேட்டா "வரும்" எண்டாங்க.

எங்கட இளசுகளுக்கு விருப்பம். பெரியாக்களுக்கு துண்டா விருப்பம் இல்ல. ஒரு பெரியவர் நேரவே கேட்டார், "நாங்க எழுதிக் குடுக்கிற கணக்க வச்சே நாளைக்கு எங்கட வலைய வெட்டுவீங்களா மனே?" எண்டு. வந்த ஆக்கள் சிரிச்சாங்களே தவிர சரியா பதில் சொல்லல்ல. அடுத்த பயம் இடம் சம்பந்தமா, நாங்க காலங்காலமா வலை போடுற இடத்த ஜிபிஎஸ்ஸோட எழுதிக் குடுத்தா அது ஆருட கையில போய்ச் சேரும் எண்டு தெரியாது தானே.

எனக்கு ஒரு பக்கம் இது நல்லம் எண்டும் படுது, ஏனெண்டா மீன் குறையுது எண்டு நாங்க சொன்னா "அப்பிடியா" எண்டு கேட்டுட்டுப் போயிடுறாங்க, எழுத்தில இருந்தா மறுக்க ஏலாது. முந்தி இப்பிடி வேலை செஞ்ச ஆக்கள் யாரும் இருந்தா சொல்லுங்க, என்ன கேட்டு வாங்கணும், எதுக்கு ஓம் படக்கூடாது எண்டு. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்கு.


சாய்ந்தமருது கரைவல:

தம்பி நான் ஒளிக்காம சொல்லுறன், வேணாம். எங்கட வாப்பா காலத்தில இருந்து இவங்க வாறதும் போறதும் தான். எங்கட வாடிக்கும் ஒரு திட்டம் எண்டு வந்தாங்க, பேர் சொல்ல விருப்பம் இல்ல, கூட்டம் வச்சாங்க, பிஸ்கட்டும் பிளேன்டீயும் குடுத்தாங்க, தொப்பி குடுத்தாங்க, கரைவலை இழுத்து மடி கரைக்கு வாற நேரம் பாத்து குறுக்க வந்து நிண்டு போட்டோ எடுத்தாங்க, நெத்தலியும் சூடையும் கிலோக் கணக்கில அள்ளிட்டுப் போனாங்க, அதுக்குப் பிறகு ஆளும் இல்ல அறிக்கையும் இல்ல. எங்கட மீன வச்சு ஆரோ பட்டம் எடுத்திருப்பாங்க, அவங்களுக்கு அல்லாஹ் நல்லத குடுக்கட்டும், எங்களுக்கு என்ன கிடச்ச?

இன்னொண்டு. படிச்சவங்க எல்லாம் சேர்ந்து திட்டம் போட்டது தானே ஒலுவில் துறைமுகம், 2013 இல திறந்தாங்க, இண்டைக்கு வாய்க்கட்டில மண் மூடி போட்டு உள்ள போக ஏலாமக் கிடக்கு, வடக்கால நிந்தவூர்ப் பக்கம் கரைய கடல் தின்னுட்டு வருது, தென்னை எல்லாம் சரிஞ்சு போச்சு. எங்கட கரையில மணல் எந்தக் காலத்தில எந்தப் பக்கம் ஓடும் எண்டு கரைவலைக்காரன் எவனக் கேட்டாலும் நிண்ட இடத்தில சொல்லுவான். வலைய எங்க வளைக்கணும் எண்டு தெரியிறதே அத வச்சுத் தான்.

மீன் ஏன் குறையுது எண்டு கண்டுபிடிக்க பலகை தேவையில்ல தம்பி. ராவில லைட் அடிச்சுப் பிடிக்கிறவன், தங்கூசி வலை (ஒற்றை நைலோன் இழை வலை) போடுறவன், இவங்கள முதல்ல பிடிக்கட்டும். தங்கூசி தடை தானே சட்டத்தில, தடை செஞ்ச வலை எப்பிடி வாவி முழுக்கக் கிடக்கு?


அளவுப்பலகை:

நான் வந்தாறுமூலை கெம்பஸில விலங்கியல் படிச்சிட்டு கொஞ்ச காலம் இறங்குதுறை இறங்குதுறையா மீன் அளந்து திரிஞ்ச ஆள், இப்ப வேற வேலை. சாய்ந்தமருதுக் காக்கா சொல்லுற தொப்பிக் கதை உண்மை தான், நானே அப்பிடித் தொப்பி பாத்திருக்கன். ஆனா அதுக்காக அளக்கிறதையே விட்டா நட்டம் நமக்குத் தான்.

முதல்ல ஏன் நீளத்த அளக்கிறாங்க எண்டு சொல்லுறன், வந்த ஆக்கள் இத விளங்கப்படுத்தாட்டி அது அவங்கட பிழை. கடலுக்குள்ள எவ்வளவு மீன் கிடக்கு எண்டு ஆராலயும் எண்ண ஏலா. அதுக்கு கப்பல் வச்சு எதிரொலி அனுப்பிப் பாக்கிற முறை இருக்கு, நோர்வேக்காரங்கட நன்சன் கப்பல் 1978 - 80 இல நம்மட நாட்டச் சுத்தி அப்பிடிப் பாத்தது, பிறகு 2018 இல நாரா எண்டுற நம்மட அரசாங்க நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனத்தோட சேர்ந்து திரும்ப வந்து பாத்தது. நடுவில எத்தின வருசம் இடைவெளி எண்டு பாருங்க. அந்தக் கப்பல் வாவிக்குள்ள வராது, கரையோரம் ஆழமில்லாத இடத்துக்கும் வராது, அங்க என்ன நடக்குது எண்டு சொல்லக்கூடிய ஒரே ஆள் தினமும் வலை போடுறவன் தான். பிடிபட்ட மீன்ட நீளத்த வருசக்கணக்கா எழுதி வந்தா ஒரு விசயம் தெளிவா வரும், அதாவது மீன் ஒருக்காவாவது சினை விட முதலே பிடிபடுதா இல்லையா எண்டு. வயித்தக் கீறி சினை எந்தப் பருவத்தில கிடக்கு எண்டு பாத்து எழுதினா இந்த மீன் இத்தின சென்டிமீற்றர்ல தான் முதல் சினை வைக்குது எண்டு பிடிக்கலாம், பிடிபடுறதில முக்கால்வாசி அதுக்குக் கீழ எண்டா வலைக்கண் சின்னன் எண்டு ஆருக்கும் சொல்லித் தரத் தேவையில்ல. வயசு பாக்கிறதுக்கு தலைக்கல்லும் எடுப்பாங்க, கத்தாளை தலையில வெள்ளையா கிடக்குமே அது தான், அதில வளையம் வளையமா விழும், ஆனா நம்மட மாதிரிச் சூட்டு நாடுகள்ல அந்த வளையம் குளிர் நாடுகள்ல மாதிரித் தெளிவா விழாது, அதால தான் இஞ்ச நீளத்த நம்பி இருக்கிறது.

ரெண்டாவது, நீளத்த விட முக்கியம், என்ன பாடுபட்டு பிடிச்ச எண்டது. இண்டைக்கு பத்துக் கிலோ எண்டு மட்டும் எழுதினா அதால ஒரு பிரயோசனமும் இல்ல. எத்தின பீஸ் வலை, என்ன கண், எத்தின மணித்தியாலம் தண்ணியில கிடந்த, எத்தின பேர், இதெல்லாம் இருந்தா தான் பத்து வருசத்துக்கு முந்தின பத்துக் கிலோவும் இண்டைக்குப் பத்துக் கிலோவும் ஒண்டில்ல எண்டு காட்டலாம். முந்தி துடுப்பு வலிச்சுப் போனவன் இப்ப என்ஜின்ல போறான், வலை ரெண்டு மடங்கு நீளம், பிடி மட்டும் அப்பிடியே கிடக்கு, அப்ப மீன் குறைஞ்சிருக்கு தானே.

அதோட வெறுங்கையோட வாற நாளையும் எழுதணும்! இதத் தான் ஒருத்தரும் எழுதிறயில்ல, மீன் பட்டா கொப்பிய எடுப்பாங்க, படாட்டி கொப்பி தோணிக்குள்ளயே கிடக்கும். கடைக்காரன் வித்த நாளுக்கு மட்டும் கணக்கு எழுதினா கடை எப்பவும் லாபத்தில தான் ஓடும்.

அளக்கிறது லேசு. பலகையில முட்டுக்கட்டை இருக்கும், மீன்ட மூக்க அதில முட்ட வச்சு, வாய மூடி, நேரா நீட்டிப் படுக்க வச்சு, வால் நுனி எங்க நிக்குது எண்டு பாக்கணும். வால் கவர் விழுந்த மீனுக்கு கவர் வரைக்கும் அளக்கிறதா நுனி வரைக்குமா எண்டு முதல் நாளே கேட்டு எல்லாரும் ஒரே மாதிரி அளக்கணும், இல்லாட்டி ரெண்டு பேர்ட கணக்கும் ஒட்டாது. பெரிய மீனாப் பாத்துப் பொறுக்கி அளக்கிறது வேணாம், கூடையில கைய விட்டு வாற மாதிரி வாறத அளக்கணும். நம்மட ஆக்களுக்கு நல்ல மீனத் தூக்கிக் காட்டத் தான் கை போகும், அது பழக்கம்.

கல்லாத்துத் தோணித் தம்பி, உங்கட பக்கம் இறால் எண்டா இன்னொண்டு கேளுங்க. இறால் கடல்ல தான் முட்டை விடுது, குஞ்சு முகத்துவாரத்தால வாவிக்குள்ள வந்து வளர்ந்து பிறகு திரும்பவும் கடலுக்குப் போகுது. அப்ப பாலமீன்மடுவிலயும் கல்லாத்திலயும் ஆத்துவாய் எப்ப திறந்தது, எப்ப மூடினது எண்டது இறால் கணக்கோட சேர்த்து எழுதப்படணும். மாரியில வெட்டி விட்ட திகதி, தானா உடைச்ச திகதி, இதெல்லாம் உங்கட பெரியாக்கள்ட தலையில கிடக்கு. அவங்கட படிவத்தில அதுக்கு ஒரு கட்டம் இருக்கா எண்டு பாருங்க. இல்லாட்டி போடச் சொல்லுங்க. உங்கட அறிவு கேள்விக்குள்ளயும் போகணும், கொப்பி நிரப்புற கூலியாளா மட்டும் உங்கள வச்சா அது கூட்டு வேலை இல்ல.


வாழைச்சேனை ஆழ்கடல்:

நாங்க மல்டிடே போட், நாள்கணக்கா ஆழ்கடல்ல தங்கிப் பிடிக்கிறது. எங்களுக்கு இது புதுசில்ல. ஐரோப்பாக்காரன் 2015 தொடக்கத்தில இலங்கை மீனுக்கு தடை போட்டான் தானே, களவா பிடிக்கிறத கட்டுப்படுத்தல எண்டு, அதுக்குப் பிறகு தான் போட் எங்க நிக்குது எண்டு கரைக்குக் காட்டுற விஎம்எஸ் பெட்டி, பிடிச்ச கணக்கு எழுதுற லொக் புத்தகம், துறைமுகத்தில செக்கிங் எல்லாம் இறுக்கின. 2016 இல தடைய எடுத்தாங்க. முதல்ல எல்லாரும் ஏசினம், எங்க நிக்கிறம் எண்டு கரையில இருந்து பாக்கிறாங்க எண்டு. இப்ப பழகிட்டு, எல்லை தாண்டினான் எண்டு பிரச்சினை வந்தா எங்கட பக்கம் சொல்லுறதுக்கும் அது உதவுது.

ஆனா ஒண்டு சொல்லுறன், லொக் புத்தகம் நடுக்கடல்ல அண்டண்டைக்கு எழுதுற போட்டும் இருக்கு, துறைமுகத்துக்குக் கிட்ட வரக்குள்ள நினைவில வச்சு ஒரே பேனாவால ஒரே எழுத்தில நிரப்புற போட்டும் இருக்கு. ரெண்டும் ஒரே அலுமாரியில தான் போய் அடுக்குப்படுது. கட்டாயத்தில எழுதுற கணக்கு அப்பிடித் தான் வரும். நீங்க விரும்பிச் சேருறீங்க எண்டா அது தான் உங்கட பலம், விருப்பமில்லாத ஆள கணக்குக்காகச் சேர்க்காதீங்க, பத்துப் பேர்ல நாலு பேர் ஒழுங்கா எழுதினா காணும்.

பெரியவர் கேட்ட கேள்விக்கு: ஓம், கணக்கு வந்தா கட்டுப்பாடும் வரலாம். கெலவல்லா எண்டுற சூரை மீனுக்கு வந்திச்சு. இந்து சமுத்திர சூரை ஆணைக்குழு கணக்குப் பாத்து மீன் அளவுக்கு மிஞ்சிப் பிடிபடுது எண்டு சொல்லி 2016 இல மீட்புத் திட்டம் போட்டாங்க. அதில நமக்கு வாயில்லாமப் போறது கணக்கில்லாத நாடா இருந்தா தான். நாங்க ஒண்டும் எழுதாட்டி அவங்க தங்கட பாட்டில ஒரு மதிப்பீட்டப் போடுவாங்க, அது எங்களுக்கு நல்லதா வரும் எண்டு எதிர்பாக்க ஏலாது.


ஸ்கார்பரோ மட்டக்களப்பான்:

ஊர் களுவாஞ்சிகுடி, இப்ப கனடா. இஞ்ச நடந்த கதை ஒண்டு, உங்கட பெரியாக்களுக்கு வாசிச்சுக் காட்டுங்க. கனடாக் கிழக்குக் கரையில நியூபவுண்ட்லாந்து எண்டு ஒரு இடம், நூற்றாண்டுக் கணக்கா கொட் மீன் பிடிச்சே வாழ்ந்த சனம். 1980கள்ல கரையோரம் சின்னப் போட்டில போறவங்க மீன் குறையுது, மீன் சின்னனாகுது எண்டு கத்தினாங்க. அரசாங்க விஞ்ஞானிகள் ஆழ்கடல் ட்ரோலர் (பெரிய இழுவைப் படகு) பிடிக்கிற கணக்கையும் பெரிசா நம்பி இருந்தாங்க, அந்தக் கணக்கில மீன் நல்லாக் கிடந்தது. என்ன நடந்ததெண்டா மீன் குறையக் குறைய மிச்சம் கிடக்கிறது ஒரு இடத்தில கூட்டமா அடைஞ்சு நிக்கும், ட்ரோலர்காரனுக்கு அந்த இடம் தெரியும், அவன் நேரப் போய் அள்ளுவான், அவன்ட கணக்கில ஒரு குறைவும் தெரியாது. 1992 ஜூலை 2 ஆம் திகதி ஒரேயடியா தொழில நிப்பாட்டினாங்க. முப்பதாயிரம் பேர் மட்டில வேலை இழந்தாங்க. ரெண்டு வருசத் தடை எண்டு தொடங்கினது 2024 இல தான் முழுசா எடுபட்டது, அதுவும் சரியா பிழையா எண்டு இன்னும் சண்டை.

அதுக்குப் பிறகு 1995 இல அதே கரையோர மீனவர்மாரையே சம்பளத்துக்கு வச்சு, அவங்கட பழைய இடங்கள்ல, ஒரே மாதிரி வலையால, ஒழுங்காப் பிடிச்சு அளக்கிற திட்டம் தொடங்கினாங்க. காவல் மீன்பிடி எண்டு சொல்லலாம் அத. நோர்வேயிலயும் 2000 ஆம் ஆண்டில இருந்து தெரிஞ்செடுத்த போட்டுகளுக்கு காசு குடுத்து அளக்க வைக்கிறாங்க. கவனிக்க வேண்டியது, ரெண்டு இடத்திலயும் சும்மா இல்ல, காசுக்கு. உங்கட ஆக்கள் அத வாய் திறந்து கேக்கணும்.


கருவாட்டு மலர்:

நான் கல்லடிப் பக்கம், அம்மா மீன் வித்தா, நான் கருவாடு. எல்லாரும் தோணியையும் போட்டையும் பத்தியே கதைக்கிறீங்க. மீன் கரைக்கு வந்த பிறகு என்ன நடக்குது எண்டு ஒருத்தரும் கேக்கல.

தோணி வந்து ஒதுங்கின உடன முதல்ல கறிக்கு எடுப்பாங்க, பிறகு தள்ள உதவி செஞ்ச ஆக்களுக்கு ஒரு பங்கு, நல்லது முதலாளிட பெட்டிக்கு, அடுத்தது மோட்டர்சைக்கிள்ல ஐஸ் பெட்டி கட்டின வியாபாரிக்கு, நசிஞ்சது சின்னது எல்லாம் எங்கட பக்கம் கருவாட்டுக்கு. அளக்க வாற பிள்ளையள் தராசடியில நிண்டு முதலாளிட பெட்டியத் தான் அளப்பாங்க. அதில சின்ன மீன் எங்க இருக்கப் போகுது! சின்ன மீன் முழுக்க என்ட பாயில காயுது. கத்தாளைக் குஞ்சு, பாரைக் குஞ்சு, கொடுவாக் குஞ்சு எண்டு எத்தினையக் கண்டிருக்கன், உப்புப் போடக்குள்ள மனசு ஒரு மாதிரித் தான், என்ன செய்ய, செத்துத் தானே வருது. மீன் எப்பிடிச் சின்னனாகுது எண்டு தெரிய விருப்பம் எண்டா கருவாட்டுக்காரிட வந்து கேக்கச் சொல்லுங்க.

கொப்பி எழுதப் போறதும் வீட்டில நாங்க தான். ராமுழுக்க வலை இழுத்துட்டு வந்து அவர் படுத்திருவார், பலகையும் கொப்பியும் பொஞ்சாதிட கையில. பத்துப் பேருக்குப் பயிற்சி எண்டா அதில பெண்டுகளையும் கூப்பிடுங்க, பிறகு எழுத்துப் பிழை எண்டு அவங்களக் குறை சொல்லுறதில பிரயோசனம் இல்ல.


சாய்ந்தமருது கரைவல:

தங்கச்சி சொன்னது நூத்துக்கு நூறு. அத ஏத்துக்கொள்ளுறன்.

மத்தவங்களுக்கு ஒண்டு, கனடாவில மீனவன் கத்தினத கேக்கல எண்டு நீங்களே சொல்லுறீங்க. அப்ப குறை கணக்கில இல்ல, கேக்கிறவன்ட காதில. நான் இன்னும் வேணாம் எண்டு தான் சொல்லுவன். ஆனா சேருறதெண்டா எழுத்தில வாங்குங்க தம்பி, வாய்ப்பேச்சு வேணாம்.


அளவுப்பலகை:

காக்கா, எழுத்தில எண்டு நீங்க சொன்னதத் தான் நானும் சொல்ல வந்தன். சட்டத்திலயும் அதுக்கு வழி கிடக்கு. 1996 ஆம் ஆண்டு 2 ஆம் இலக்க கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்தில மீன்பிடி முகாமைத்துவப் பிரதேசம் எண்டு ஒரு இடத்தப் பிரகடனப்படுத்தி, அங்க பதிஞ்ச மீனவர்மார வச்சு குழு அமைக்கலாம் எண்டு இருக்கு. அப்பிடிக் குழுவில இருந்து கதைக்கப் போறவன்ட கையில சொந்தக் கணக்கு இருந்தா கதை வேற மாதிரிப் போகும். தங்கூசி, லைட் விசயத்தையும் அங்க தான் வைக்கணும். "மீன் குறைஞ்சிட்டு" எண்டு சொன்னா பெட்டிசம் எழுதி வைப்பாங்க, "இந்த மாசத்தில தங்கூசி போட்ட பக்கம் பிடிபட்டதில இவ்வளவு சினை வைக்காத குஞ்சு" எண்டு காட்டினா பதில் சொல்லியாகணும்.

இடத்துக்குப் பயம் எண்டா ஜிபிஎஸ் புள்ளி குடுக்காதீங்க. வாவிய கட்டம் கட்டமாப் பிரிச்சு இலக்கம் போட்டு, "7 ஆம் கட்டம்" எண்டு மட்டும் எழுதினா ஆராய்ச்சிக்கு அது தாராளமாக் காணும். துறைநீலாவணைப் பக்கமா மண்முனைப் பக்கமா எண்டு தெரிஞ்சா போதும், உங்கட வலைத்தடம் அவங்களுக்குத் தேவையில்ல.


கல்லாத்துத் தோணி:

எல்லாருக்கும் பெரிய நன்றி, கூட்டம் முடிஞ்சு வந்து எழுதுறன். சண்டை நடந்தது, கதிரை தூக்கல மட்டும் தான். கனடாக் கதைய வாசிச்சுக் காட்டினன், அந்தப் பெரியவர் ஒண்டும் பேசல்ல, கொஞ்ச நேரம் கழிச்சு "அவனுகளுக்கும் அப்பிடியா" எண்டு மட்டும் சொன்னார். கடைசியில முதல்ல ஒரு மாரியும் அதுக்கு அடுத்த சீசனும் சேர்ந்து பாக்கிறதெண்டு முடிவாச்சு, வருசம் முழுக்க எண்டதுக்கு இப்ப ஓம் இல்ல.

கேட்டு எழுதின கடிதத்தில இருக்கிறது இது தான்: எங்கட கொப்பிட ஒரு பிரதி சங்கத்தில இருக்கணும், மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து தமிழில வரைபடம் போட்டு என்ன கண்டாங்க எண்டு சொல்லணும், இடம் கட்ட இலக்கத்தில மட்டும், ஆத்துவாய் திகதிக்கும் வெறுங்கை நாளுக்கும் படிவத்தில இடம், எழுதுற ஆளுக்கு மாசம் ஒரு கொடுப்பனவு, வெளியில எங்கயும் அறிக்கை குடுக்க முதல் எங்களுக்குக் காட்டணும். கருவாட்டு விசயத்த நான் சொன்ன உடன எங்கட மாமி எழும்பி "அப்ப எங்கட பேரையும் போடு" எண்டுட்டா, மூணு பெண்டுகள் சேருறாங்க.

கெம்பஸ் தம்பி கோல் எடுத்தான், கடைசிக் கேள்விய விட மத்த எல்லாம் ஓம் எண்டான். அறிக்கைய முதல்ல காட்டுறது பெரியவங்களக் கேட்டுத் தான் சொல்லணுமாம். அது வரும் வரைக்கும் பலகைய வாங்கல.

ஒரு சின்ன விசயம் கேக்கணும், அவங்க காட்டின கொப்பி சாதாரண கொப்பி, தோணிக்குள்ள ரெண்டு நாள் தாங்காது. நீங்க எல்லாம் எப்பிடி எழுதின?


அளவுப்பலகை:

பேனா கொண்டு போகாதீங்க, மை கரைஞ்சு போகும். பென்சில், அதுவும் எச்பி இல்லாம டூ பி. நூல் கட்டி பலகையிலயே தொங்க விடுங்க இல்லாட்டி வாவிக்குத் தான். நனையாத தாள் எண்டு ஒரு வகை இருக்கு, ஆராய்ச்சிக்காரங்களிட்ட கேட்டா அவங்களுக்குத் தெரியும், கட்டாயம் கேளுங்க. அது வரும் வரைக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு ஒண்ட மண் கடதாசியால லேசா உரசிட்டு அதில பென்சிலால எழுதுங்க, ஈரத்திலயும் எழுதும். கரைக்கு வந்து மாமிய கொப்பியில ஏத்தச் சொல்லிட்டு, சவர்க்காரம் போட்டு உரசினா அடுத்த நாளைக்கு தட்டு ரெடி.